லண்டன் ஒரு பக்கம், எடின்பரோ, கார்டிஃப், பெல்ஃபாஸ்ட் ஒரு பக்கம்: கொள்கை வகுப்பதில் உண்மையில் என்ன வித்தியாசம்?

புதுப்பக்கம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பொது நிர்வாகத்தில் முதுகலை படிக்கிறேன், இந்தப் பருவத்தில் பிரிட்டன் அரசியல் ஒரு தாளாக வருகிறது. அதிகாரப் பட்டியல் எனக்கு மனப்பாடம். பாதுகாப்பு, வெளியுறவு, குடிவரவு, நாணயம் எல்லாம் லண்டன் நாடாளுமன்றமான வெஸ்ட்மின்ஸ்டர் கையில். மருத்துவம், பள்ளிக்கூடம், வீட்டுவசதி, சுற்றுச்சூழல், போக்குவரத்தில் பெரும்பகுதி இதெல்லாம் ஸ்காட்லாந்து (எடின்பரோ), வேல்ஸ் (கார்டிஃப்), வட அயர்லாந்து (பெல்ஃபாஸ்ட்) அரசுகள் கையில். சரி. ஆனால் இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நடந்ததைப் படித்தால் எதுவும் புரியமாட்டேன் என்கிறது.

பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை ஸ்காட்லாந்தில் 2006 மார்ச்சிலேயே வந்துவிட்டது. வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் 2007 ஏப்ரல், இங்கிலாந்தில் 2007 ஜூலை. கடைப் பைக்குக் கட்டணம் வேல்ஸில் 2011, வட அயர்லாந்தில் 2013, ஸ்காட்லாந்தில் 2014, கடைசியாக இங்கிலாந்தில் 2015. மருந்துச் சீட்டுக் கட்டணத்தை மற்ற மூன்று பேரும் எடுத்தே விட்டார்கள், இங்கிலாந்தில் மட்டும் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு. பணமும் அதிகாரிகளும் குவிந்து கிடப்பது லண்டனில்தானே, அப்புறம் ஏன் சின்ன அரசுகள் முந்துகின்றன?

இன்னொரு பக்கம், 2022 டிசம்பரில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 86க்கு 39 என்று நிறைவேற்றிய பாலின அங்கீகாரச் சீர்திருத்த மசோதாவை அடுத்த மாதமே லண்டன் நிறுத்திவிட்டது. அவர்களுக்கு அதிகாரம் உண்டு என்றால் இதை எப்படி நிறுத்த முடிந்தது? இல்லை என்றால் மற்றதெல்லாம் எப்படி நடந்தது?

பேராசிரியரைக் கேட்டால் "கொள்கை வகுக்கும் பாணியே வேறு" என்கிறார். அது நிஜமா, இல்லை பாடப்புத்தகப் பேச்சா? பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மூன்றாம்_வாசிப்பு:

பட்டியலை மூடி வையுங்கள். முதலில் பிடிபட வேண்டியது, இது கூட்டாட்சி இல்லை என்பதுதான். கூட்டாட்சியில் இரண்டு மட்ட அரசுகளுக்கும் மேலே ஓர் அரசமைப்பு உட்கார்ந்திருக்கும், ஒருவர் அடுத்தவர் எல்லைக்குள் கால் வைத்தால் நீதிமன்றம் தட்டிக் கேட்கும். பிரிட்டனில் மேலே உட்கார்ந்திருப்பது வெஸ்ட்மின்ஸ்டரேதான். 1998ல் ஸ்காட்லாந்துக்கு ஒன்று, வேல்ஸுக்கு ஒன்று, வட அயர்லாந்துக்கு ஒன்று என்று மூன்று சட்டம் போட்டு அதிகாரத்தைப் பகிர்ந்து கொடுத்தார்கள். கொடுக்கும்போதே, ஸ்காட்லாந்துக்கும் சட்டம் இயற்ற எங்களுக்குள்ள அதிகாரம் இதனால் போகாது என்று ஸ்காட்லாந்து சட்டத்தின் 28ஆம் பிரிவில் எழுதியும் வைத்துக்கொண்டார்கள்.

நீங்கள் கேட்ட மசோதாவை நிறுத்தியது அதே சட்டத்தின் 35ஆம் பிரிவு. ஸ்காட்லாந்து தன் எல்லைக்குள்ளேயே சட்டம் போட்டாலும், லண்டனுக்கு ஒதுக்கிய விஷயம் ஒன்றில் இருக்கிற சட்டம் ஓடும் விதத்தை அது கெடுக்கும் என்று கருத நியாயமான காரணம் இருந்தால், மன்னர் ஒப்புதலுக்குப் போகாமல் லண்டனில் உள்ள ஸ்காட்லாந்து விவகார அமைச்சர் தடுக்கலாம். இங்கே 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் பாதிக்கப்படும் என்றார்கள். கால் நூற்றாண்டு கிட்டத்தட்ட அலமாரியில் கிடந்த பிரிவு, 2023 ஜனவரியில்தான் முதல் தடவை வெளியே வந்தது. அந்த வருடம் டிசம்பரில் எடின்பரோ நீதிமன்றமும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆக உங்கள் கேள்விக்குப் பதில்: அதிகாரம் உண்டு, ஆனால் அது இன்னொருவர் போட்ட சட்டத்திலிருந்து வந்த அதிகாரம்.

இது ஏதோ சட்டக் கல்லூரிப் பேச்சு என்று நினைக்காதீர்கள், அதிகாரி மேசையிலேயே இது தெரியும். லண்டன் அமைச்சகங்கள் இருக்கும் வைட்ஹாலில் ஒரு யோசனை வந்தால் முதல் கேள்வி "கருவூலத் துறை சம்மதிக்குமா", "பிரதமர் அலுவலகம் என்ன சொல்லும்". எடின்பரோவிலும் கார்டிஃபிலும் முதல் கேள்வி "இது நம் வரம்புக்குள் வருமா". மசோதாவைத் தாக்கல் செய்யும்போது அமைச்சர் வரம்புக்குள் இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும், அவைத் தலைவரும் தன் கருத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நிறைவேறிய பிறகும் நான்கு வாரம் காத்திருப்பு, அதற்குள் லண்டனின் சட்ட அதிகாரிகள் நினைத்தால் உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். குழந்தைகள் உரிமை பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை உள்நாட்டுச் சட்டமாக்கும் மசோதாவை 2021 மார்ச்சில் ஸ்காட்லாந்து நிறைவேற்றியது, ஒருவர்கூட எதிர்த்து ஓட்டுப் போடவில்லை. உச்ச நீதிமன்றம் சில பிரிவுகள் வரம்பு மீறியவை என்று திருப்பி அனுப்பியது. திருத்தி, மறுபடி நிறைவேற்றி, நடைமுறைக்கு வந்தது 2024 ஜூலையில். வெஸ்ட்மின்ஸ்டர் போடும் ஒரு சட்டத்தை "உனக்கு அதிகாரம் இல்லை" என்று பிரிட்டனில் எந்த நீதிமன்றமும் இப்படி ரத்து செய்ய முடியாது. அதனால் எடின்பரோவிலும் கார்டிஃபிலும் மசோதா எழுதும்போதே கொஞ்சம் ஒதுங்கி எழுதும் பழக்கம் வந்துவிடுகிறது. லட்சியமாக ஒன்று இருக்கும், வழக்கில் நிற்கக்கூடியதாக இன்னொன்று இருக்கும், கடைசியில் அச்சுக்குப் போவது இரண்டாவது.

வேல்ஸ் கதை இன்னும் சிக்கல். 1999ல் அவர்களுக்குக் கொடுத்த அவைக்கு முழுச் சட்டம் இயற்றும் அதிகாரமே கிடையாது, 2011 பொது வாக்கெடுப்புக்குப் பிறகுதான் கிடைத்தது. "உன்னிடம் கொடுத்தவை இவை" என்ற பட்டியல் மாறி, ஸ்காட்லாந்து மாதிரி "எங்களிடம் ஒதுக்கியவை இவை, மிச்சம் உனது" என்று ஆனது 2018ல்.

சூவல் மரபு என்று ஒன்று படித்திருப்பீர்கள், பகிர்ந்து கொடுத்த விஷயத்தில் அந்தந்த அவையின் சம்மதம் இல்லாமல் வெஸ்ட்மின்ஸ்டர் "வழக்கமாக" சட்டம் போடாது என்பது. அந்த "வழக்கமாக"வில்தான் எல்லாம் இருக்கிறது. 2020ல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் ஒப்பந்தச் சட்டத்துக்கு மூன்று அவைகளும் சம்மதம் மறுத்தன, சட்டம் பாட்டுக்கு வந்தது. 2017லேயே உச்ச நீதிமன்றம், இது அரசியல் மரபு, இதைக் காப்பாற்றுவது எங்கள் வேலை இல்லை என்று கைகழுவிவிட்டது.

கணக்குப்பிள்ளை:

சட்டத்தை அவர் சொல்லிவிட்டார், நான் பணத்தைச் சொல்கிறேன். சின்ன அரசுகள் ஏன் முந்துகின்றன என்ற கேள்விக்குப் பாதிப் பதில் பணத்தில்தான் இருக்கிறது.

இவர்கள் செலவழிப்பதில் பெரும்பகுதி லண்டனிலிருந்து மொத்தமாக வரும் தொகை. அதைக் கணக்கிடும் முறைக்குப் பார்னெட் சூத்திரம் என்று பெயர், 1970களின் கடைசியில் கருவூலத் துறையில் அமைச்சராக இருந்த ஜோயல் பார்னெட் தற்காலிகமாகப் போட்டது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அண்ணனுக்குத் துணி எடுத்தால் தம்பிக்கும் அளவு பார்த்து எடுக்க வேண்டும், தம்பி அதைச் சட்டையாகத் தைப்பானோ பையாகத் தைப்பானோ அவன் பாடு, அவ்வளவுதான் விஷயம். இங்கிலாந்தில் மருத்துவத்துக்குக் கூடுதலாக ஒதுக்கினால் மக்கள்தொகை விகிதப்படி ஸ்காட்லாந்துக்கும் ஒரு பங்கு வரும், அதை அவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டாலும் யாரும் கேட்க முடியாது. ஆனால் எவ்வளவு வரும், எப்போது வரும் என்பது இங்கிலாந்துக்கு என்ன தேவை என்று லண்டன் நினைப்பதைப் பொறுத்தது.

இதில் நடக்கும் கூத்துக்கு ஓர் உதாரணம்: ஹெச்எஸ்2 அதிவேக ரயில் பாதை. அதில் ஓர் அடிகூட வேல்ஸுக்குள் இல்லை. ஆனாலும் கருவூலத் துறை அதை "இங்கிலாந்து மற்றும் வேல்ஸ்" திட்டம் என்று வகைப்படுத்தியது, ஏனென்றால் ரயில் கட்டமைப்பு வேல்ஸுக்குப் பகிர்ந்து கொடுக்கப்படவில்லை. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் பங்கு போனது, வேல்ஸுக்கு இல்லை. எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்பதை ஒரு பக்கம் மட்டும் முடிவு செய்யும், தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்வதும் அதே பக்கம்.

கொரோனா காலத்தில் இன்னும் பச்சையாகத் தெரிந்தது. ஊரடங்கு போடும் அதிகாரம் வேல்ஸிடம், ஊரடங்கில் வேலையில்லாமல் இருப்பவர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் திட்டம் லண்டனிடம். 2020 அக்டோபர் 23லிருந்து இரண்டு வாரச் சொச்சத்துக்கு வேல்ஸ் எல்லாவற்றையும் மூடியது. நவம்பர் 1ல் வரவிருந்த புதிய சம்பள உதவித் திட்டத்தை ஒரு வாரம் முன்னால் தொடங்குங்கள் என்று கேட்டார்கள், முடியாது என்று பதில் வந்தது. அக்டோபர் 31 அன்று இங்கிலாந்துக்கு ஊரடங்கு அறிவித்தபோது அதே மூச்சில் பழைய தாராளத் திட்டமே நீட்டிக்கப்பட்டது. கார்டிஃபில் எவ்வளவு கோபம் இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் புகை, பை உதாரணங்களுக்கு வருகிறேன். இவற்றில் அரசுக் கஜானாவிலிருந்து பெரிய செலவு ஏதும் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? தடை போடலாம், விதி போடலாம், கடைக்காரரை வசூலிக்கச் சொல்லலாம். பணமும் வரியும் கையில் இல்லாத அரசு, கையில் இருக்கிற கருவியைத் தூக்கும். ஸ்காட்லாந்தின் மது விலையை எடுத்துக்கொள்ளுங்கள். குடியைக் குறைக்க எந்த அரசுக்கும் முதலில் தோன்றுவது மது வரியை ஏற்றுவது. ஆனால் அந்த வரி லண்டனுக்கு ஒதுக்கப்பட்டது. அதனால் ஓர் அலகு ஆல்கஹாலுக்கு 50 பென்ஸுக்குக் கீழே விற்கக்கூடாது என்று குறைந்தபட்ச விலை வைத்தார்கள். சட்டம் 2012ல் வந்தது, விஸ்கி உற்பத்தியாளர் சங்கம் வழக்குப் போட்டு, ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சரி என்ற பிறகு 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. 2024 செப்டம்பர் கடைசியில் 65 பென்ஸ் ஆக்கினார்கள். இதில் வேடிக்கை, வரியாக இருந்தால் அரசுக்கு வந்திருக்க வேண்டிய கூடுதல் பணம் இங்கே கடைக்காரர் கல்லாவுக்குப் போகிறது. நோக்கம் ஒன்று, கருவி வேறு, கருவி மாறியதால் ஆதாயம் யாருக்கு என்பதும் மாறிவிட்டது. கொள்கையைப் படிக்கிறவர்கள் இந்த இடத்தை விடவே கூடாது.

சரி, வருமான வரி அதிகாரம் கொடுத்தார்களே என்று கேட்பீர்கள். கொடுத்தார்கள், 2017லிருந்து சம்பளத்தின் மீதான வரி விகிதமும் அடுக்குகளும் ஸ்காட்லாந்து கையில். மற்ற இடங்களில் 20, 40, 45 என்று மூன்று அடுக்கு, ஸ்காட்லாந்தில் 19லிருந்து 48 வரை ஆறு அடுக்கு. ஆனால் வரியில்லாத முதல் 12,570 பவுண்டை மாற்ற முடியாது, வட்டிக்கும் பங்கு ஈவுக்கும் வரி போட முடியாது. சொந்தத் தொழில் செய்பவர் கம்பெனி ஒன்றைப் பதிவு செய்து சம்பளத்தைக் குறைத்து ஈவாக எடுத்துக்கொண்டால் ஸ்காட்லாந்து விகிதத்திலிருந்து நழுவிவிடுகிறார். பாதி நெம்புகோலை வைத்துக்கொண்டு வரிக் கொள்கை வகுப்பது அப்படித்தான் இருக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரியாது. 1999ல் முதியோர் பராமரிப்பு பற்றிய அரச ஆணையம், குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது போன்ற உதவியை இலவசமாக்கச் சொன்னது. லண்டன் ஏற்கவில்லை, ஸ்காட்லாந்து 2002ல் ஏற்று நடத்தியது. உடனே என்ன ஆனது தெரியுமா? பராமரிப்பு இல்லங்களில் இருந்த முதியோருக்கு லண்டன் கொடுத்துவந்த உதவித்தொகை நின்றுபோனது, ஸ்காட்லாந்துதான் கொடுக்கிறதே என்று. மிச்சமான அந்தப் பணத்தை எங்களுக்குக் கொடுங்கள் என்று எடின்பரோ கேட்டது, கிடைக்கவில்லை. செலவு ஸ்காட்லாந்துக்கு, சேமிப்பு லண்டனுக்கு.

மழைச்சாரல்:

நான் வேல்ஸில் ஒரு தன்னார்வ அமைப்பில் வேலை பார்க்கிறேன், அரசு ஆலோசனைக் கூட்டங்களுக்கு அடிக்கடி போகிறவள். பாணி வேறு என்று உங்கள் பேராசிரியர் சொல்வது நிஜம்தான், ஆனால் அதற்குக் காரணம் பண்பாடு கிண்பாடு எல்லாம் இல்லை, அளவு.

வேல்ஸ் மக்கள்தொகை 31 லட்சம் சொச்சம். ஒரு துறையில் கொள்கை பேச வேண்டும் என்றால் சம்பந்தப்பட்ட எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்துவிடலாம், நிஜமாகவே. உள்ளாட்சிக்காரர், தொழிற்சங்கம், மருத்துவ வாரியம், எங்களைப் போன்றவர்கள், பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர், அமைச்சரும் வந்துவிடுவார். லண்டனில் அதே விஷயத்துக்கு ஆலோசனை அறிக்கை ஒன்றை இணையத்தில் போடுவார்கள், ஆயிரக்கணக்கில் பதில் குவியும், அமைச்சரை நேரில் பார்ப்பது பெரிய அமைப்புகளுக்குத்தான் வாய்க்கும். இங்கே அமைச்சகத்தில் ஆள் குறைவு, சொந்தமாக ஆய்வு செய்ய நேரமில்லை, அதனால் தகவலுக்கே வெளியே இருப்பவர்களைத்தான் நம்பி இருக்கிறார்கள். கூடிப் பேசுவது நல்ல எண்ணத்தால் மட்டும் இல்லை, வேறு வழி இல்லாததாலும்தான்.

தேர்தல் முறையும் சேர்ந்துகொள்கிறது. மூன்று அவைகளுக்கும் ஏதோ ஒரு வகை விகிதாசார முறை, ஒரு கட்சி தனியாகப் பெரும்பான்மை பெறுவது அபூர்வம். வேல்ஸில் இதுவரை ஒரு கட்சிக்கும் கிடைத்ததில்லை. வெஸ்ட்மின்ஸ்டரில் மூன்றில் ஒரு பங்கு ஓட்டை வைத்தே பெரிய பெரும்பான்மை வாங்கிவிடலாம், 2024ல் நடந்ததே. அப்புறம் அங்கே எதற்கு எதிர்க்கட்சியோடு உட்கார்ந்து பேச வேண்டும்?

மேலவை இல்லாததும் ஒரு பெரிய வேறுபாடு. வெஸ்ட்மின்ஸ்டரில் அவசரமாக எழுதிய மசோதாவின் ஓட்டைகளைப் பிரபுக்கள் அவை உட்கார்ந்து அடைக்கும். இங்கேயும் ஸ்காட்லாந்திலும் அந்த வேலை குழுக்களின் தலையில். அதனால் பொதுக் கொள்கை மீது ஓட்டெடுப்புக்கு முன்பே, முதல் கட்டத்திலேயே குழு சாட்சியம் கேட்கும், எங்களைப் போன்றவர்களைக் கூப்பிடும். வெஸ்ட்மின்ஸ்டரில் இரண்டாம் வாசிப்பு முடிந்து, கொள்கை ஏறத்தாழ முடிவான பிறகுதான் மசோதாக் குழு உட்காரும், வேலை முடிந்ததும் கலைந்துவிடும்.

வேல்ஸின் 2015ஆம் ஆண்டு வருங்காலத் தலைமுறையினர் நல்வாழ்வுச் சட்டத்தையும் பாருங்கள். எந்த முடிவும் நாளைய தலைமுறைக்கு என்ன செய்யும் என்று பார்த்தாக வேண்டும் என்கிறது, அதற்கென்று ஓர் ஆணையர் உண்டு. வெறும் அலங்காரம் என்று பலர் சொன்னார்கள். நியூபோர்ட் பக்கம் எம்4 நெடுஞ்சாலைக்கு மாற்றுவழி போடும் திட்டம் வந்தபோது அந்த ஆணையர் இந்தச் சட்டத்தைக் காட்டி எதிர்த்தார். பொது விசாரணை நடத்தியவர் போடலாம் என்றார். 2019ல் முதல்வர் மார்க் டிரேக்ஃபோர்ட் செலவையும் சூழல் பாதிப்பையும் சொல்லி வேண்டாம் என்றுவிட்டார். சட்டம் மட்டுமே தடுத்தது என்று சொல்லமாட்டேன், ஆனால் அந்த வாதம் நடந்த மொழியை அது மாற்றியது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். எல்லோரும் ஒரே அறையில் என்றால் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்று அர்த்தம். அறையில் இருக்கும் பாதி அமைப்புகளுக்கு அடுத்த வருட மானியம் அதே அமைச்சகத்திலிருந்து வர வேண்டும். எழுந்து நின்று "இது தேறாது" என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? காப்பி இடைவேளையில் சொல்வதைக் கூட்டக் குறிப்பில் பார்க்க முடியாது. அறைக்குள் ஒத்துப்போனதை ஊரே ஒத்துக்கொண்டதாக நினைத்துவிடுகிறார்கள். 2023 செப்டம்பரில் வந்த மணிக்கு 20 மைல் வேகக் கட்டுப்பாடு அப்படித்தான். ஆலோசனை நடந்தது, நிபுணர் குழு இருந்தது, எல்லாம் முறைப்படி. தெருவிளக்குகள் 200 கெஜத்துக்கு மிகாத இடைவெளியில் இருக்கும் சாலைகள் பெரும்பாலும் ஒரே நாளில் 30லிருந்து 20க்கு மாறின, விலக்கு வேண்டிய சாலைகளை உள்ளாட்சிகள் தேடிப் பிடித்துப் பட்டியல் போட வேண்டும். எதிர்த்து 4.6 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்து விழுந்தது, வேல்ஸ் நாடாளுமன்றமான செனெத்தின் வரலாற்றிலேயே பெரிய மனு. கொள்கை தப்பு என்று நான் சொல்லவில்லை, என் தெருவில் எனக்கு அது பிடித்தே இருக்கிறது. ஆனால் அந்த எதிர்ப்பு வரும் என்பது அறைக்குள் இருந்த ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

எதிர்வாதி:

மழைச்சாரல் கடைசிப் பத்தியில் கொஞ்சம் உண்மையைச் சொன்னார், நான் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். சின்ன அரசு மக்களுக்கு நெருக்கம், கலந்து பேசும், பரிவானது என்ற சித்திரம் கொஞ்சம் அதிகமாகவே வரையப்பட்டிருக்கிறது.

பெல்ஃபாஸ்டைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை? அங்கே 2012ல் மரச் சில்லு எரிக்கும் கொதிகலன்களுக்கு மானியம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். சுடச்சுட நகல், பிரிட்டனின் மற்ற பகுதிகளில் ஒரு வருடம் முன்பு வந்தது. மூலத் திட்டத்தில், வருடத்தில் 1,314 மணி நேரம் எரித்ததும் மானிய விகிதம் சட்டென்று இறங்கிவிடும். நகல் எடுத்தபோது அந்தப் படியை மட்டும் விட்டுவிட்டார்கள். மானியமோ எரிபொருள் விலையைவிட அதிகம். எரிக்க எரிக்க லாபம், அதுவும் 20 வருடத்துக்கு உத்தரவாதம். யாரும் கவனிக்காததற்கு ஒரு காரணம், ஆகிற செலவைக் கருவூலத் துறை பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பு. அதற்கு உச்சவரம்பு உண்டு, மீறினால் நம் மொத்தத் தொகையில்தான் கைவைப்பார்கள் என்பது உறைத்தபோது காலம் கடந்துவிட்டது. 2015ல் விகிதத்தைக் குறைக்கப் போகிறோம் என்று தெரிந்ததும் விண்ணப்பங்கள் குவிந்தன, 2016 பிப்ரவரியில் இழுத்து மூடினார்கள். அந்தத் தகராறில் 2017 ஜனவரியில் துணை முதல்வர் மார்ட்டின் மெக்கின்னஸ் பதவி விலகினார், அங்கே முதல்வரும் துணை முதல்வரும் இரட்டைக் குதிரை, ஒருவர் போனால் மற்றவரும் போயாக வேண்டும். அரசே விழுந்தது, மூன்று வருடம் எழவில்லை. 2022 பிப்ரவரியிலிருந்து இன்னொரு இரண்டு வருடம் இதே கதை. அமைச்சர் இல்லாத காலத்தில் அதிகாரிகள் பழைய கோப்பைத் தள்ளிக்கொண்டிருப்பார்களே தவிர புதிய கொள்கை எங்கிருந்து வரும்? ஒரே பாலினத் திருமணமும் கருக்கலைப்புச் சட்ட மாற்றமும் அங்கே வந்ததே 2019ல் வெஸ்ட்மின்ஸ்டர் போட்ட சட்டத்தால்தான்.

ஆகவே அளவு சின்னது என்றால் அறையும் சின்னது மட்டும் இல்லை, கணக்கைச் சரிபார்க்கும் ஆளும் குறைவு. வைட்ஹாலில் எத்தனை குறை சொன்னாலும் அந்த 1,314 மணி நேரத்தைக் கண்டுபிடித்துக் கேள்வி கேட்க யாராவது ஒரு பொருளாதார நிபுணர் இருப்பார்.

லண்டன் அதிகாரத்தைக் கையில் குவிக்கிறது என்று எடின்பரோ புலம்பும், ஆனால் தன் கீழுள்ள உள்ளாட்சிகளிடம் அதுவும் அதையேதான் செய்கிறது. உள்ளாட்சி வரியை 2008லிருந்து வருடக் கணக்கில் உறைய வைத்தது. 2023 அக்டோபரில் முதல்வர் ஹம்சா யூசஃப் கட்சி மாநாட்டு மேடையில் மறுபடி உறைவு என்று அறிவித்தார், உள்ளாட்சிகளுக்கு அதற்குமுன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதில் எங்கே இருக்கிறது அந்தக் கலந்து பேசும் பாணி?

பலனையும் பாருங்கள். கல்வி முழுக்க முழுக்கக் கார்டிஃப் கையில் இருக்கிறது, பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் 2022 பீசா தேர்வில் நான்கு பகுதிகளில் வேல்ஸ்தான் கடைசி. கேட்டால் லண்டன் பணம் தரவில்லை என்பார்கள். கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் பொறுப்பு இரண்டு இடத்தில் இருந்தால் பழியை மூன்றாவது இடத்தில் வைப்பது எல்லோருக்கும் வசதி.

மூன்றாம்_வாசிப்பு:

எதிர்வாதி, கொதிகலன் விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை. ஆனால் பழியைத் தள்ளுவது மட்டுமே கதை என்றால் கண்ணாடி பாட்டிலை எங்கே வைப்பீர்கள்? ஸ்காட்லாந்து பாட்டிலுக்கும் கேனுக்கும் 20 பென்ஸ் வைப்புத்தொகை வாங்கி, திருப்பிக் கொடுத்தால் பணம் தரும் திட்டத்தை 2020லேயே விதியாக்கியது. சுற்றுச்சூழல் அவர்களுடைய விஷயம்தான். அதே வருடக் கடைசியில் வெஸ்ட்மின்ஸ்டர் உள்நாட்டுச் சந்தைச் சட்டம் கொண்டுவந்தது: ஒரு பகுதியில் சட்டப்படி விற்கக்கூடிய பொருளை மற்ற பகுதியிலும் தடையில்லாமல் விற்கலாம் என்று. திட்டம் நடக்க லண்டனிடம் விலக்கு வாங்க வேண்டி வந்தது. 2023ல் லண்டன் தருகிறேன், ஆனால் கண்ணாடியை எடுத்துவிடு என்றது. எடுத்தால் கணக்கு உதைக்கும் என்று ஸ்காட்லாந்து தள்ளிவைத்தது, திட்டத்தை நடத்த அமைத்த கம்பெனி திவாலாகிப் போனது. ஸ்காட்லாந்து விதியில் ஓர் எழுத்தைக்கூட யாரும் ரத்து செய்யவில்லை, ஆனாலும் அது நடக்கவில்லை. ஸ்காட்லாந்து பக்கம் தயாரிப்பில் ஓட்டைகள் இருந்தன என்பதையும் மறுக்கமாட்டேன்.

புதுப்பக்கம்:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. மழைச்சாரல் அக்கா, அந்த ஒரே அறை விஷயத்தைக் கட்டுரையில் எடுத்துக்கொள்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். இங்கிலாந்துக்கு என்று தனி அரசு இல்லையே, அப்படியானால் "தேசிய அரசின் கொள்கை" என்று நான் எழுதும்போது எதைச் சொல்கிறேன்?

மூன்றாம்_வாசிப்பு:

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். லண்டன் அரசுக்கு இரண்டு தொப்பி, எந்த நேரத்தில் எது தலையில் இருக்கிறது என்று அதுவே சொல்லாது. சுகாதார அமைச்சர் பெரும்பாலும் இங்கிலாந்தின் சுகாதார அமைச்சர், கல்வி அமைச்சரும் அப்படியே, ஆனால் பாதுகாப்பு அமைச்சர் எல்லோருக்கும். "நாட்டுக்கு 100 புதிய மருத்துவமனை" என்று ஒரு பிரதமர் சொன்னால் எந்த நாட்டுக்கு என்று கேட்க வேண்டும். வெஸ்ட்மின்ஸ்டரில் ஸ்காட்லாந்து உறுப்பினர்கள் இங்கிலாந்துப் பள்ளிகளைப் பற்றி ஓட்டுப் போடலாமா என்று அங்கே உறுப்பினராக இருந்த டாம் டாலியல் 1977ல் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. 2015ல் இங்கிலாந்து உறுப்பினர்களுக்குத் தனி ஓட்டு என்று ஒரு நடைமுறை கொண்டுவந்து 2021ல் எடுத்தும் விட்டார்கள்.

ஒப்பிட்டு எழுதும்போது அதனால் ஒரு வேலை செய்யுங்கள். வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் எதை எடுத்தாலும் முதலில் கடைசிப் பக்கங்களுக்குப் போய் அது எந்தப் பகுதிகளுக்கு விரியும் என்ற பிரிவைப் படியுங்கள். அங்கேயும் ஒரு பொறி உண்டு: இங்கிலாந்தும் வேல்ஸும் ஒரே நீதி எல்லை என்பதால், இங்கிலாந்தில் மட்டும் நடைமுறையாகும் சட்டத்திலும் "இங்கிலாந்து மற்றும் வேல்ஸ்" என்றுதான் இருக்கும். உண்மையில் எங்கே செல்லுபடி என்பது மசோதாவோடு வரும் விளக்கக் குறிப்பில் அட்டவணையாக இருக்கும், எந்தப் பிரிவுக்கு எந்த அவையின் சம்மதம் கேட்டார்கள் என்பதும் அதே அட்டவணையில்.